கையில் தொழில் இருக்கிறது, சாட்சி எங்கே?

(இளைஞர்களுக்கும் வணிகர்களுக்கும் நடந்த தொழிற்கல்வி வழிகாட்டி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மஃரிபு பாங்குக்குள் முடித்துவிட வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். முதல் கேள்வி: ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். மாற்றி, ராம் மாற்றி, விண்டோஸ் போட்டு ஓடவிடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள். மாஷா அல்லாஹ், பாதிக் கூட்டம் கை உயர்த்துகிறது. இரண்டாவது கேள்வி: "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்று உங்களை முன்பின் அறியாத ஒருவர் நம்பும்படி ஒரு தாள் எத்தனை பேரிடம் இருக்கிறது? மூன்று கைகள்தான் தெரிகின்றன. அதிலும் ஒரு தம்பி பாதிதான் தூக்கியிருக்கிறார்!

இன்றைய பேச்சு இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலே இருக்கிற பள்ளத்தைப் பற்றியது.

சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் போய்ப் பாருங்கள். மாவட்டத் தலைநகர்களில் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சர்வீஸ் கடைகளைப் பாருங்கள். நம் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்து கொண்டிருப்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர், பன்னிரண்டாம் வகுப்பில் நின்றவர், கல்லூரியைப் பாதியில் விட்டவர் எல்லோரும் இருப்பார்கள். அல்லாஹ் அவர்கள் கையில் தொழிலைக் கொடுத்திருக்கிறான். ஆனால் அதே பையன் ஒரு வங்கியிலோ, மருத்துவமனையிலோ, வளைகுடாவில் ஒரு நிறுவனத்திலோ போய் வேலை கேட்டால் என்ன நடக்கிறது? "சர்ட்டிபிகேட் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் கதவு சாத்தப்படுகிறது.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஓர் அரபு நாட்டில் இருந்தார். அலுவலகத்தில் எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவருடைய விசாவில் எழுதியிருந்த வேலை ஹெல்பர். சம்பளமும் ஹெல்பர் சம்பளம். அவருக்கு மேலே டெக்னீஷியன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கைவேலை குறைவு, தாள் இருந்தது. விடுமுறையில் வந்த நம் பிள்ளை என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், அங்கே 'ஷஹாதா' கேட்கிறார்கள். என்னிடம் ஷஹாதா இல்லை."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஷஹாதா என்றால் நமக்குக் கலிமா நினைவுக்கு வரும். அரபியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். சான்றிதழுக்கும் அரபியில் அதே சொல்தான்! சான்றிதழ் என்பது ஒரு சாட்சி. "இந்த மனிதரைச் சோதித்துப் பார்த்தோம், இவருக்கு இது தெரியும்" என்று ஒருவர் சொல்லும் சாட்சி.

மதரஸாவில் ஓதிய எங்களுக்கு இது புதிதல்ல. ஏழு ஆண்டு ஓதினாலும் ஸனது வாங்காமல் யாரும் ஆலிம் என்று மிம்பரில் ஏற்றுவதில்லை. யாரிடம் ஓதினாய், எதை ஓதினாய் என்று கேட்பது இந்தச் சமுதாயத்தின் பழக்கம். மார்க்கக் கல்விக்கு ஸனது கேட்கத் தெரிந்த நாம், தொழிலுக்கு ஸனது வாங்க மறந்துவிட்டோம்.

அது என்ன தேர்வு?

கம்ப்யூட்டர் ஹார்டுவேர் தொழிலில் முதல் படியாக உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. அதன் பெயர் ஏ பிளஸ். நடத்துவது அமெரிக்காவில் உள்ள காம்ப்டியா. 1993ல் இந்தத் தேர்வு தொடங்கியது. எந்த ஒரு கம்பெனியின் பொருளையும் சார்ந்தது அல்ல இது. டெல் ஆனாலும் ஹெச்.பி. ஆனாலும், கடையில் நீங்களே கூட்டிய மெஷின் ஆனாலும், அதை அறிந்து பழுது பார்க்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. எழுதுவதற்குப் பட்டம் கட்டாயமில்லை. ஏறத்தாழ ஓராண்டு கைப்பழக்கம் இருந்தால் நல்லது என்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் அது ஐந்தாண்டு, பத்தாண்டு இருக்கிறது!

ஒரு சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள். இப்போது நடப்பில் இருப்பவை 2025 மார்ச்சில் வந்த புதிய வரிசை. முதல் தேர்வின் எண் 220-1201, இரண்டாவதின் எண் 220-1202. இதற்கு முந்தைய 1101, 1102 வரிசை 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய புத்தகக் கடையில் 1101 என்று போட்ட புத்தகம் மலிவாகக் கிடைக்கும். அதை நம்பி முழுத் தேர்வுக்கும் தயாராகிவிடாதீர்கள். இரண்டு தேர்வுகளையும் ஒரே வரிசையில்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு தேர்வும் 90 நிமிடம். அதிகபட்சம் 90 கேள்விகள். மதிப்பெண் 100லிருந்து 900 வரை. முதல் தேர்வில் 675ம், இரண்டாவதில் 700ம் எடுத்தால் வெற்றி. பெரும்பாலானவை விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சில கேள்விகளில் திரையிலேயே வேலை செய்து காட்ட வேண்டும். ஒரு மெஷினுக்கு எந்த உதிரிப்பாகம் பொருந்தும் என்று எடுத்து வைப்பது, ஒரு ரௌட்டரைச் சரியாக அமைப்பது என்று இப்படி வரும். சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

முதல் தேர்வில் என்ன வரும்? நூற்றுக்கு 28 பங்கு ஹார்டுவேர், நெட்வொர்க் பழுது கண்டறிதல். 25 பங்கு ஹார்டுவேர். 23 பங்கு நெட்வொர்க். 13 பங்கு லேப்டாப், செல்போன் போன்றவை. 11 பங்கு விர்ச்சுவல் மெஷினும் கிளவுடும். கூட்டிப் பாருங்கள்: பழுது கண்டறிதலும் ஹார்டுவேரும் சேர்ந்து 53. பாதிக்கு மேல் நீங்கள் தினமும் கடையில் செய்கிற வேலை!

இரண்டாவது தேர்வில் 28 பங்கு விண்டோஸ் முதலான இயங்குதளங்கள். 28 பங்கு பாதுகாப்பு. 23 பங்கு சாப்ட்வேர் பழுது. 21 பங்கு தொழில் நடைமுறை. இந்தக் கடைசிப் பகுதிக்குத் திரும்ப வருகிறேன். அதில் நமக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது.

மூன்று தயக்கங்கள்

"ஹஜ்ரத், தேர்வு ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?" ஆமாம், தமிழில் இந்தத் தேர்வு இல்லை. ஆனால் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். யூதர்களுடன் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அந்த இளைஞருக்குக் கட்டளையிட்டார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. நாம் ஷேக்ஸ்பியரைப் படிக்கப் போவதில்லை. இந்தத் தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலம் சில நூறு சொற்கள். மதர்போர்டு, ஸ்லாட், டிரைவர், பார்ட்டிஷன் என்று பாதிச் சொற்களை ஏற்கனவே உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மீதிப் பாதியை ஒரு நோட்டில் நாளுக்குப் பத்தாக எழுதுங்கள்.

இரண்டாவது தயக்கம்: "எனக்கு ஏற்கனவே வேலை தெரியுமே!" தம்பி, உனக்குத் தெரியும், உன் முதலாளிக்குத் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். துபாயில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு எப்படித் தெரியும்? இட ஒதுக்கீட்டுக்காக நம் சமுதாயம் வீதியில் நின்றது. 2007ல் தமிழகத்தில் 3.5 சதவீதம் கிடைத்தது. அது அரசு வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் உரியது. தனியார் நிறுவனத்தின் கதவில் அந்தச் சட்டம் வந்து தட்டாது. 2006ல் வந்த சச்சார் குழு அறிக்கையும் நம்மவர்கள் சொந்தத் தொழிலிலும் சிறு வணிகத்திலும்தான் மிகுதியாக இருக்கிறார்கள் என்று காட்டியது. அந்தக் கடையிலிருந்து அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் தகுதியைக் காட்டும் தாள் வேண்டும்.

மூன்றாவது, பணம். இது நியாயமான தயக்கம். இரண்டு தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம். அமெரிக்காவில் ஒரு தேர்வுக்கே 250 டாலருக்கு மேல். நம் நாட்டுக்கான விலை வேறு. பணம் கட்டும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். ஒரு சர்வீஸ் பையனுக்கு இது சுமைதான். இதற்கு வழி சொல்லும்போது வணிகர்களின் பக்கம் திரும்புவேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதற்காக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள்! ஹலாலான சம்பாத்தியத்துக்குப் போகும் பாதையில் முதல் அடியை ஹராமில் வைக்காதீர்கள்.

எப்படித் தயாராவது?

ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கட்டுகிற கயிறு இதுதான்:

முதலில், காம்ப்டியா தன் பாடத்திட்டத்தை இலவசமாகவே வெளியிடுகிறது. இரண்டு தேர்வுக்கும் உரிய பட்டியலைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரியும், கேள்விப்பட்டிருக்கிறேன், தெரியாது. நேர்மையாக எழுதுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை, அல்லாஹ் பார்க்கிறான். "தெரியாது" என்று எழுதிய வரிகள்தான் உங்கள் பாடம்.

இரண்டாவது, காலம். நான்கு மாதம் வையுங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம். ஃபஜ்ரு தொழுததும் ஒரு மணி நேரம் படிப்பு. இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கைவேலை. வாரத்துக்கு ஆறு நாள். எட்டு வாரத்தில் 96 மணி நேரம் ஆகிறது. கடை வேலையும் கெடாது, தொழுகையும் தவறாது. புரொஃபஸர் மெஸ்ஸர் என்பவர் இந்தப் பாடத்திட்டம் முழுவதையும் வீடியோவாக இலவசமாகவே தருகிறார். செல்போனில் இரவெல்லாம் எதை எதையோ பார்க்கிறோமே, அந்த நேரத்தில் கால்வாசி போதும்.

மூன்றாவது, ஒரு பழைய மெஷின். கடையில் மூலையில் கிடக்கும் டெஸ்க்டாப் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். முழுவதும் கழற்றிப் பூட்டுங்கள். பூட்டும்போது ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் அது செய்யும் வேலையையும் வாயால் சொல்லுங்கள். டி.டி.ஆர். 4 ராமுக்கும் டி.டி.ஆர். 5 ராமுக்கும் 288 கால்கள்தான். ஆனால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. ஏன்? நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கிறது. மெஷினை அணைக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் பின்னுக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரியைப் பாருங்கள். கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவதுதான் தேர்வுக்கான பயிற்சி.

நான்காவது, மனப்பாடம். ஹிஃப்ழு மதரஸா உள்ள சமுதாயத்துக்கு மனப்பாடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? போர்ட் எண்கள்: பாதுகாப்பான வலைத்தளத்துக்கு 443, டி.என்.எஸ்.ஸுக்கு 53, எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு 22, தூரத்திலிருந்து விண்டோஸ் திரையைத் திறக்க 3389. மெஷினின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால் டி.ஹெச்.சி.பி. சர்வர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். லேசர் பிரிண்டரில் ஒரு தாள் வெளியே வர ஏழு கட்டங்கள், வரிசை மாறாமல். இவற்றைச் சிறு அட்டைகளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸபக், மாலையில் தவ்ர் என்று ஹாஃபிழ்கள் செய்வது போலத் திருப்பிப் பாருங்கள்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். பழுது கண்டறியும் ஆறு படிகள். ஒன்று, பிரச்சினை என்ன என்று அறிதல். இரண்டு, காரணம் எதுவாக இருக்கலாம் என்று கருதுதல். மூன்று, அந்தக் கருத்தைச் சோதித்தல். நான்கு, திட்டமிட்டுச் சரிசெய்தல். ஐந்து, முழு மெஷினும் ஓடுகிறதா என்று பார்த்து, மறுபடி வராமல் தடுத்தல். ஆறு, செய்ததை எழுதி வைத்தல்.

நம் கடைகளில் எத்தனை படி? ஒரே படி! "ஃபார்மட் அடி!" மெஷின் மெதுவாக ஓடினால் ஃபார்மட். நின்று நின்று போனால் ஃபார்மட். ஒரு மளிகை வியாபாரியின் மெஷின் பத்து நிமிடம் ஓடி அணைந்துகொண்டிருந்தது. ஒரு கடைப் பையன் எதையும் கேட்காமல் ஃபார்மட் அடித்துக் கொடுத்தான். பணமும் வாங்கியாயிற்று. வீட்டுக்குப் போன மெஷின் மறுபடி பத்து நிமிடத்தில் அணைந்தது! திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கத் தூசி, பிராஸஸர் மேலே தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருந்தது. சூடு தாங்காமல் அணைந்திருக்கிறது. ஃபேன் சரியாகிவிட்டது. ஆனால் ஐந்தாண்டுக் கடன் கணக்கு போனது போனதுதான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. முதல் படியிலேயே இரண்டு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன: உரியவரிடம் கேள், கை வைப்பதற்கு முன் தகவலைப் பிரதி எடுத்து வை. இந்த முதல் படியை அந்தப் பையனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தேர்வுக்காகப் படித்திருந்தால் கற்றிருப்பான். ஆகவே தாளுக்காக மட்டும் படிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். படித்தால் கை நேர்படும்.

தேர்வு நாள் பற்றிச் சில வார்த்தைகள். நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது பெயரில். ரேஷன் கார்டில் ஒரு முஹம்மது, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்தில் ஒரு முஹம்மது, இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். தேர்வுக்குப் பதியும் பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு. ஆனால் அறையில் வேறு யாரும் வரக்கூடாது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கூடத்தில் எட்டுப் பேர் இருக்கும் நம் வீடுகளுக்குத் தேர்வு மையமே ஏற்றது. திரையில் வேலை செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் முதலிலேயே வரும். அதிலேயே அரை மணி நேரம் போய்விடும். குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்து, பிறகு திரும்புங்கள். தெரியாத கேள்வியைக் காலியாக விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒரு முறை தோற்றால் உடனே மறுபடி எழுதலாம். மூன்றாம் முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும்.

பொய்ச் சாட்சி

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு தம்பி வந்து கேட்டார்: "ஹஜ்ரத், டம்ப் கிடைக்கிறதே, அதை வாங்கி மனப்பாடம் செய்தால் பத்து நாளில் பாஸ் ஆகிவிடலாமே?"

டம்ப் என்றால் என்ன? தேர்வு எழுதியவர்கள் கேள்விகளைத் திருடி வந்து விடையோடு விற்பது. மாதிரிக் கேள்வித்தாள் வேறு. அதை ஆசிரியர் தானே புதிதாக எழுதுகிறார், நாம் பயிற்சி செய்கிறோம். அதில் தவறில்லை. டம்ப் என்பது உண்மையான தேர்வின் கேள்விகள். தேர்வுக்கு முன் "கேள்விகளை வெளியிட மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். அந்த ஒப்பந்தத்தை மீறித் திருடியதை ஒருவர் விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார். கண்டுபிடித்தால் காம்ப்டியா சான்றிதழைப் பறித்துவிடும், மறுபடி எழுதவும் தடை போடும். அது உலகத்துத் தண்டனை.

மறுமையில் என்ன? சான்றிதழ் என்பது ஷஹாதா என்று சொன்னேன் அல்லவா? தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லும் சான்றிதழ் என்ன ஷஹாதா? அது பொய்ச் சாட்சி! பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். போதும், நிறுத்திக்கொள்ளமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. அந்தப் பொய்ச் சாட்சியைக் கொண்டு வாங்கும் சம்பளத்தில் பிள்ளைக்குப் பால் வாங்குவீர்களா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அப்படிப் பாஸான ஒருவர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறார். சர்வர் நின்றுவிட்டது, நோயாளிகளின் பதிவுகள் திறக்கவில்லை. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பெயரை மட்டுமா சொல்வார்கள்? "இந்த ஆட்களே இப்படித்தான்" என்று நம் எல்லோரையும் சேர்த்துச் சொல்வார்கள். அடுத்து வரும் உண்மையான பையனுக்கும் கதவு சாத்தப்படும்.

பத்து நாளில் வேண்டாம் தம்பி. நான்கு மாதத்தில் வாங்கு. தோற்றாலும் பரவாயில்லை, மறுபடி எழுது. தோல்வி பாவம் இல்லை.

வணிகர்களுக்கு

கடை வைத்திருக்கும் பெரியவர்களே! இரண்டாவது தேர்வின் கடைசிப் பகுதிக்குத் திரும்ப வருகிறேன் என்றேன். அதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சாப்ட்வேர் உரிமம், வாடிக்கையாளரின் அந்தரங்கம், அவரிடம் பேசும் முறை. வெள்ளைக்காரன் வைத்த தேர்வில் நம் பாடம் இருக்கிறது!

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் இது பதிவாகியிருக்கிறது.

இன்றைய ஈரத் தானியம் எது? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் நிபந்தனை. அது இல்லாத பழைய மெஷினைத் துடைத்து, பளபளப்பாக்கி, எதுவும் சொல்லாமல் மாணவனின் தகப்பனிடம் விற்றால் அது ஈரத் தானியம். "இதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, லினக்ஸ் போட்டுத் தருகிறேன், அதனால் விலை குறைவு" என்று சொல்லி விற்றால் அது பரக்கத்துள்ள வியாபாரம். திருட்டு சாப்ட்வேர் ஏற்றிக் கொடுப்பதும், பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதியது என்று போடுவதும் ஈரத் தானியம்தான். சர்வீஸுக்கு வந்த லேப்டாப்பில் ஒரு குடும்பத்தின் போட்டோக்கள் இருக்கும். அதைத் திறந்து பார்ப்பது அமானிதத்தில் கை வைப்பது.

உங்கள் கடைப் பையன் படித்தால் ஓடிவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். படித்த பையன் இருக்கும் வரை உங்கள் கடையில் "ஃபார்மட் அடி" குறையும், திரும்பி வரும் மெஷின் குறையும், வாடிக்கையாளர் கூடுவார். அவன் போனாலும் உங்கள் பெயரைச் சொல்லி துஆ செய்வான். தினமும் ஒரு மணி நேரம் அவனுக்கு விட்டுக்கொடுங்கள். ஒரு பழைய மெஷினைக் கொடுங்கள்.

கட்டணத்துக்கு ஒரு வழி. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஐந்து வணிகர்கள் சேர்ந்து கர்ளன் ஹஸனா நிதி ஒன்று தொடங்குங்கள். வட்டியில்லாத அழகிய கடன். முதல் தேர்வின் கட்டணத்தைக் கொடுங்கள். வேலை கிடைத்ததும் தவணையில் திருப்பித் தரட்டும், அந்தப் பணம் அடுத்த பையனுக்குப் போகட்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு ஜகாத்திலிருந்து கொடுப்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு வேளை பிரியாணிக்குச் செலவிடுவதில் எத்தனை பிள்ளைகளின் தேர்வுக் கட்டணம் அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம், பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே விடுதலைப் பணமாக ஏற்றுக்கொண்ட நபியின் உம்மத் நாம்.

திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். இது ஆண்களுக்கு மட்டும் உரிய தொழில் அல்ல. ஒரு பெண்ணின் செல்போனும் லேப்டாப்பும் பழுதானால் அந்நிய ஆண் கையில் கொடுக்கத் தயங்குகிறார்களே, அந்தத் தயக்கம் நியாயமானது. உங்களில் நான்கு பேர் இந்தத் தேர்வை எழுதினால் ஊரில் பெண்களுக்கென்று ஒரு சர்வீஸ் கடை உருவாகும்.

மஃரிபுக்கு நேரமாகிறது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். படிக்க விரும்பும் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுதுங்கள்! உதவ விரும்பும் வணிகர்கள் எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிறைந்தால் அடுத்த வாரம் ஃபஜ்ருக்குப் பிறகு இதே இடத்தில் முதல் பாடம் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். பாடத்திட்டத்தை அச்செடுத்து நாங்கள் கொண்டுவருகிறோம். நீங்கள் ஒரு பேனாவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொண்டுவந்தால் போதும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கைகளில் நீ கொடுத்த தொழிலில் பரக்கத் செய்வாயாக! அவர்கள் வாங்கும் ஷஹாதாவை உண்மைச் சாட்சியாக ஆக்குவாயாக! எங்கள் வியாபாரத்தில் ஈரத் தானியம் கலந்துவிடாமல் காப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.